கட்டம் போட்ட நோட்டு

எங்கள் தொகுதிக்கு மூன்று உறுப்பினர்கள்.
மூன்று முறை வந்தது அந்த மசோதா.
ஆக ஒன்பது கட்டம்.
மகளின் கணக்கு நோட்டில் கடைசித் தாளைக் கிழித்து
ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன்.
சபைப் பதிவேட்டின் நகல், பக்கத்துக்கு நான்கு ரூபாய்,
பக்கத்தில் விரித்திருந்தது.
தேநீர்க் கோப்பையை அதன்மேல் வைக்காதே என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மசோதா பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை.
நகராட்சி, மாவட்டம், கிராமசபை
இந்த மூன்று சொல்லும் அரசியல் சாசனத்துக்குள் வரவேண்டும்.
எங்கள் தேர்தலைத் தள்ளிப்போட
ஒரு மந்திரியின் பேனா போதாது என்று
ஒரு வரி வேண்டும்.
அந்த வாரம் நாடு பேசியது
பெட்ரோல் விலையைப் பற்றி.

பெரின்:
எதிர்வரிசையில் இருந்தபோது ஆம்.
உதவி மந்திரியானதும் இல்லை.
பதவி போனதும் மறுபடி ஆம்,
அதுவும் நாற்பது நிமிட உரையோடு.
எங்கள் ஊர்ப் பெயர் ரிவியேர் தெஸ் ஆங்கீ,
விலாங்குகளின் ஆறு.
பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் பிராணி
ஆற்றில்தான் இருக்கிறது என்று
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

சினாப்பன்:
ஆம். ஆம்.
மூன்றாவது கட்டம் காலி.
அன்றைக்கு அவருக்குப் பல்வலி.
அன்றைக்குத்தான்
இரண்டே இரண்டு வாக்கு குறைந்து மசோதா விழுந்தது.
அதே வாரம் தைப்பூசம்.
மஞ்சள் வேட்டியில் வந்தார்,
வணக்கம் என்றார், அதற்குமேல் தமிழ் வராமல்
கிரியோலில் சொன்னார்:
கிராமசபை என் தாய்வீடு.
சிரித்தபோது பார்த்தேன்.
முப்பத்திரண்டும் வரிசையாக இருந்தன.

ருக்மின் ஓஜீர்:
இல்லை, இல்லை, இல்லை.
தீவே இத்தனூண்டு, அதை இன்னும் துண்டு போடுவதா?
மூன்று உரையிலும் அதே வாக்கியம்,
காற்புள்ளிகூட மாறவில்லை.
இந்த அம்மாவுக்கு நான் ஒருநாளும் வாக்களித்ததில்லை.
ஆனால் பிப்ரவரி வெள்ளத்தில்
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
சேற்றில் எங்கள் வடிகால்வரை நடந்து வந்து
குனிந்து உள்ளே பார்த்தது
இவர் ஒருவர்தான்.
அதை எங்கே எழுதுவது?
தாளில் பத்தாவது கட்டம் இல்லை.

அந்த வடிகாலை ஒரு முழம் அகலப்படுத்த
கிராமசபை அனுப்பிய கடிதம்
போர் லூயிக்குப் போய்,
ஒரு மேசையில் உட்கார்ந்து,
இன்னொரு மேசைக்கு எழுந்து போய்,
பதிலாகத் திரும்பி வருவதற்குள்
கிஸ்னாவின் கோழிக்கூண்டு
கோழிகளோடு கடலுக்குப் போய்விட்டது.

இரவு ஷிஃப்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.
நியாயத்துக்காக
நான்காவதாக ஒரு வரிசை போட்டு
என் பெயரையும் எழுதினேன்.
நானும் நான்கு வருடமாகச் சபையில் இருப்பவள்தானே.
எங்கள் கூட்டக் குறிப்புகள் அலமாரியில் இருக்கின்றன,
யாரும் நகல் கேட்டதில்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம்
காம்ப் பெர்த்தோ, இருபத்திரண்டு வீடு.
சபையின் பட்டியலில் தங்கள் பெயரும் வேண்டும்,
தங்களுக்கென்று ஓர் இடம் வேண்டும் என்று
அவர்கள் ஒருமுறை எழுதிக் கேட்டிருக்கிறார்கள்.
எனக்கு நினைவே இல்லை.
குறிப்புக்கு நினைவிருக்கிறது.
எதிர்த்தவர்கள் ஐந்து பேர்,
நான்காவது பெயர் தெவானி அர்மூகம்.
தெய்வானை ஆறுமுகத்தை
எங்கள் எழுத்தர் எழுதும் விதம் அது.
பேசியதையும் எழுதிவைத்திருக்கிறார்:
ஊரே இத்தனூண்டு,
அதை இன்னும் துண்டு போடுவதா?

காற்புள்ளிகூட அதே இடத்தில்.

தாளை மடித்து வைத்தேன்.
பின்பக்கத்தில் மகள் போட்ட பின்னக் கணக்கு,
பாதி சரி, பாதி தப்பு.

காம்ப் பெர்த்தோக்காரர்கள்
மறுபடி எழுதியிருக்கிறார்கள்.
வியாழக்கிழமை கூட்டத்தில் ஏழாவது பொருள்.
பெயர் சொல்லி வாக்கெடுப்பு.

காலையிலிருந்து எனக்கு
கடைவாய்ப் பல் ஒன்று
லேசாக வலிக்கிற மாதிரி இருக்கிறது.